பிழை எண்ணும் பழுது பார்ப்பவரும்

ஓசூரை அடுத்த சானமாவு, காட்டு யானைகள் வந்து தங்கும் காப்புக்காட்டினால் பெயர் பெற்றது. ஒருபுறம் காடு, மறுபுறம் ஓசூர்த் தொழிற்பேட்டைகள். கிருஷ்ணகிரி ஜில்லாவோ கருங்கல் குவாரிகளுக்குப் பேர்போனது. இத்தகைய பிரதேசத்தில் மண் தோண்டவும் பாறை புரட்டவும் பொக்லைன் யந்திரமே பிரதான சாதனம். அது ஒரு நாள் நின்றால் வாடகை போகிறது. லாரிகள் காத்துக் கிடக்கின்றன. தினக்கூலிக்கு வந்தவர் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார். ஆகவே, அந்த யந்திரம் ஏன் நிற்கிறது என்பது முதலாளி ஒருவரின் கவலை மட்டுமன்று.

முன்னாளில் மெக்கானிக் ஓசையைக் கேட்டும் புகையைப் பார்த்தும் கோளாறை அறிந்தார். இன்று யந்திரத்தினுள் கம்ப்யூட்டர் அமர்ந்திருக்கிறது. சென்சார் எனப்படும் உணர்கருவிகள் அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் அளந்து அதற்கு அறிவிக்கின்றன. அளவு பிசகினால் ஆபரேட்டரின் எதிரேயுள்ள திரையில் ஓர் எண் தோன்றுகிறது. எண்ணைக் கண்டதும் அந்த சென்சாரையே கழற்றி எறிந்து புதியது வாங்கும் வழக்கம் பரவியிருக்கிறது. பல்லாயிரம் ரூபாய் கொடுத்துப் புதியதை மாட்டிய பின்னரும் அதே எண் திரும்பி வருவதுண்டு. காரணம் எளிது. எண் கூறுவது சாட்சியம், தீர்ப்பு அன்று.

பல எஞ்சின்கள் ஜே1939 என்னும் சர்வதேச விதிமுறையைப் பின்பற்றுகின்றன. அதில் பிழை எண்ணுக்கு இரு பாகங்கள் உண்டு. முதலாவது, எந்த அளவு என்பதைக் காட்டும். இரண்டாவது, அதில் என்ன கோளாறு என்பதைக் காட்டும். 100 என்பது எஞ்சின் எண்ணெயின் அழுத்தம். அதனுடன் 1 சேர்ந்து வந்தால் அழுத்தம் அபாயகரமாகக் குறைந்துவிட்டது என்று பொருள். எஞ்சினை அக்கணமே நிறுத்த வேண்டும். அதே 100உடன் 3 வந்தால் சென்சாரின் மின்னழுத்தம் அளவுக்கு மேல். 4 வந்தால் அளவுக்குக் கீழ். பின்னிரண்டும் எண்ணெயைப் பற்றிய புகார் அல்ல. மின்சுற்றைப் பற்றிய புகார். இந்த வேற்றுமையை அறியாதவர், ஓடக்கூடிய யந்திரத்தை நிறுத்தி வைப்பார். நிறுத்த வேண்டியதை ஓட்டி எஞ்சினையே இழப்பார். ஹைட்ராலிக் பகுதிக்குக் கம்பெனிகள் தத்தம் சொந்த எண்களை வைத்திருப்பதால், அந்தந்த யந்திரத்தின் அட்டவணையும் கையில் இருத்தல் வேண்டும்.

பரிசோதனை முறை கடினமானதன்று. அழுத்த சென்சார்களிற் பல 5 வோல்ட் பெற்று, ஏறக்குறைய 0.5 முதல் 4.5 வோல்ட் வரை திருப்பி அனுப்புகின்றன. சாதாரண மல்டிமீட்டரே அந்த 5 வோல்ட் வந்து சேர்கிறதா என்பதைச் சொல்லிவிடும். வராவிடில் சென்சார் குற்றவாளி அன்று. ஒயரைத் தேட வேண்டும். மூன்று நான்கு எண்கள் ஒருங்கே வந்தால், அவற்றுக்குப் பொதுவான மின்வழியையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எது மற்றவற்றைக் கெடுக்கிறது என்பது வெளிப்படும். இரண்டு பம்புகளுக்கும் ஒரே வகை சென்சார் இருந்தால் இடம் மாற்றிப் பார்க்கலாம். குற்றம் கூடவே மாறினால் சென்சார் பழுது, மாறாவிட்டால் ஒயர் பழுது. ஆனால் கழற்றுமுன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, குழாய்களில் தங்கிய அழுத்தத்தை அறவே நீக்க வேண்டும். சீறிவரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். அவசரத்தால் கையை இழக்க நேரிடலாம்.

கல் தூசியும் அதிர்வும் மழை நீரும் எலியின் பல்லும் சென்சாரைவிட ஒயரையும் சாக்கெட்டையுமே முதலில் தாக்குகின்றன. பக்கெட்டுக்கு வெல்டிங் வைக்கும்போது பாட்டரியின் இணைப்பை நீக்காமையால் கம்ப்யூட்டரே கெடுவதும் உண்டு. இவை புத்தி நுட்பத்தால் அல்ல, ஒழுங்கான பழக்கத்தால் தவிர்க்கக் கூடியவை.

மண் தோண்டும் யந்திரங்களைச் செய்யும் பாரத் எர்த் மூவர்ஸ் என்னும் பொதுத்துறை ஸ்தாபனத்தை நம் தேசம் 1964இல் நிறுவியது. யந்திரம் செய்யக் கற்றவர்கள் அதன் நோயறிய மட்டும் கம்பெனியின் லாப்டாப் வரும்வரை காத்திருப்பது பொருந்துமா? பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் ஒரு கமிட்டி அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோக சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் குறிக்கப்பட்டன. மண் தோண்டும் யந்திரங்கள் தனியே கூறப்படவில்லை. அமெரிக்காவிலோ, பழுது பார்க்கும் மென்பொருளை முடக்கி வைத்ததாக டீர் கம்பெனி மீது அரசாங்க வர்த்தகக் கமிஷனே 2025 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது.

நாம் கேட்பது அதிகமன்று. பிழை எண்களின் அட்டவணையும் மின்சுற்றுப் படமும் யந்திரத்துடனேயே, தமிழில், உடையவர் கையில் சேர வேண்டும். அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் இப்பரிசோதனை செய்முறைப் பாடமாக வேண்டும். யந்திர முதலாளிகளும் ஆபரேட்டருக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் கொடுத்து, அதை உபயோகிக்கக் கற்பிக்க முன்வர வேண்டும். தொழிலாளர் ஸ்தாபனங்கள் இக்கோரிக்கையைத் தாமதமின்றி எடுத்து நடத்துமாக.