சின்னப்பன் எனும் பெயர்

எங்கள் தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லின் பெயரிலேயே ஒரு பொருள் உண்டு. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்' என்பது பாறை. அருவியின் சாரல் புகைபோல் எழுவதால் அவ்விடம் 'புகையும் பாறை' ஆயிற்று. ஊர்ப் பெயரைப் போலவே ஆட்பெயருக்கும் பொருள் உண்டு. பாட்டனார் காலத்தில் பெரிதும் வழங்கிய 'சின்னப்பன்' எனும் பெயரைப் பற்றி இங்கே காண்போம்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் இப்பெயர் புனித சின்னப்பரை, அதாவது பவுலடியாரைக் குறிக்கும். 'பவுலுஸ்' எனும் இலத்தீன் சொல்லுக்குச் 'சிறியவர்' என்பது பொருள். நம் முன்னோர் ஒலியைக் கடன் வாங்காமல் பொருளைத் தமிழாக்கி, 'அப்பர்' என்ற மரியாதையையும் சேர்த்தனர். திருச்சபையைத் துன்புறுத்திய சவுல் மனந்திரும்பிய பின், திருத்தூதர்களுள் தாமே கடையவர் என்று எழுதினார். பெயர் அவருக்கு எத்துணைப் பொருத்தம்! 1964-இல் பம்பாய்க்கு வந்த திருத்தந்தையை ஆறாம் சின்னப்பர் என்றும், 1986-இல் சென்னைக்கு வந்தவரை இரண்டாம் அருள் சின்னப்பர் என்றும் தமிழ்க் கத்தோலிக்கர் அழைத்தனர். 1995-இல் வெளியான திருவிவிலியத்தில் 'பவுல்' என்ற வடிவமே உள்ளது. இன்று கோயிலில் நாம் கேட்பதும் அதுவே.

இப்பெயர் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. இந்துக் குடும்பங்களில் இளைய மகனுக்கு இது இயல்பான பெயர். 'கண்ணகி' படத்தில் கோவலனாக நடித்த பி. யு. சின்னப்பாவும், முருக பக்தரான படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரும் இப்பெயரால் புகழ்பெற்றவர்கள்.

ஒகேனக்கல்லில் காவிரிக்கு அக்கரை கர்நாடகம். கன்னடத்தில் 'சின்ன' என்றால் பொன்! இக்கரையில் சிறியது, அக்கரையில் பொன். காவிரி பிறக்கும் குடகு நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்குவாஷ் வீராங்கனை ஜோஷ்னா சின்னப்பா, 2014-ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டியில் தீபிகா பள்ளிக்கலுடன் சேர்ந்து தங்கம் வென்றார். ஆண்பாற் பெயர் ஒன்று ஒரு பெண்ணால் உலக மேடை ஏறியது.

நம்மிடையேயும் 'சி.' என்ற தலைப்பெழுத்தைத் தாங்கும் மாணவியர் உண்டு. அது எந்தப் பெயர் என்று கேட்டால், பழைய பெயராயிற்றே எனக் கூசிச் சிலர் மெல்லச் சொல்வர். கேட்பவர் சிலர் சிரிப்பர். தோழியரே, அந்த ஓரெழுத்தில் ஒரு திருத்தூதரின் தாழ்மையும், நம் முன்னோரின் தமிழ்ப் பற்றும், ஒரு தந்தையின் உழைப்பும் அடங்கியுள்ளன. அதை உரக்கச் சொல்வோம், சொல்பவரை மதிப்போம்.