பொருளே உயிராய விளையாட்டு

பொருளை மையமாகக் கொண்ட விளையாட்டுக்கள் உலகிற் பல உள. அவற்றுட் சில பொருளீட்டும் ஆசையை வளர்ப்பன. வேறு சில அவ்வாசையின் தீமையைக் காட்ட எழுந்தன. ஒரு நோக்கத்திற்கென ஆக்கப்பெற்ற விளையாட்டே பின்னர் அதற்கு மாறான நோக்கத்திற்குப் பயன்பட்டதும் உண்டு. அமெரிக்க நாட்டு எலிசபெத் மகீ என்னும் அம்மையார் 1904-ஆம் ஆண்டில் 'நிலக்கிழார் விளையாட்டு' என்பதற்குக் காப்புரிமை பெற்றார். நிலம் ஒரு சிலர் கையிற் குவியுமாயின் ஏனையோர் எவ்வாறு வறியராவர் என்பதை ஆட்டத்தின் வாயிலாகவே உணர்த்துதல் அவ்வம்மையார் கருத்து. ஆனால், அதன் வழித்தோன்றலாய் 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனியார் வெளியிட்ட 'மொனாப்பொலி'யோ, உடன் ஆடுவோரை ஓட்டாண்டியாக்கி வெல்லும் களிப்பையே உலகெங்கும் பரப்பிற்று. ஆதலின், பொருள்பற்றிய விளையாட்டொன்று நம் கைக்கு வருங்கால், அஃது இவ்விரண்டனுள் எவ்வகையது எனக் கேட்டல் முறையாம். அவ்வினாவோடு யாம் ஆடத் தொடங்கிய வீடியோ விளையாட்டு ஒன்றைப்பற்றி எம் மனத்தில் முதற்கண் பதிந்தவற்றை ஈண்டுக் கூறுவாம்.

அதன் பெயர் 'ஃப்ரெஷ்லி-பிக்ட் டிங்கிள்ஸ் ரோஸி ரூப்பிலேண்ட்' என்பது. 'புதிதாய்ப் பறித்த டிங்கிளின் ரோஜாநிற ரூப்பி நாடு' என அதனைத் தமிழிற் சொல்லலாம். வேன்பூல் என்னும் ஜப்பானியக் குழுவினர் இயற்ற, நிண்டெண்டோ கம்பெனியார் இதனை 2006 செப்டம்பரில் ஜப்பானிலும், 2007 செப்டம்பரில் ஐரோப்பாவிலும் வெளியிட்டனர். வட அமெரிக்காவில் இது விற்பனைக்கு வரவில்லை. இதனைத் தொடர்ந்து 2009-இல் வெளிவந்த மற்றொரு டிங்கிள் விளையாட்டோ ஜப்பான் அளவிலேயே நின்றுவிட்டது. இதனை ஆடுதற்குரிய கருவி 'நிண்டெண்டோ டி.எஸ்.' என்பது, 2004-ஆம் ஆண்டில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. சிறு புத்தகம்போல மடிக்கத்தக்க அக்கருவியில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு திரைகள் உள. கீழ்த்திரை தொடுதலை உணரும் இயல்பினது. சிறு குச்சி ஒன்றால் அதனைத் தொட்டும் வரைந்தும் ஆடுதல் வேண்டும்.

இனி, டிங்கிள் என்பான் யாவன் எனிற் கூறுதும். 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' என்னும் புகழ்பெற்ற விளையாட்டு வரிசை 1986-இல் தொடங்கியது. அவ்வரிசையில் 2000-ஆம் ஆண்டு வெளிவந்த 'மஜோராஸ் மாஸ்க்' என்பதிலே, பச்சைநிற இறுக்குடை அணிந்து, சிவப்புப் பலூன் ஒன்றைப் பற்றிக்கொண்டு வானில் மிதந்தவாறு நிலப்படங்கள் விற்கும் ஒருவன் தோன்றினான். அவனே டிங்கிள். வயது 35 ஆகியும் தன்னைத் தேவதை எனக் கருதிக்கொண்டு ஆடித்திரிந்த அவனைக் கண்டு நகைத்தார் பலர், வெறுத்தாரும் உளர். 2002-இல் ஜப்பானில் வெளிவந்த 'விண்ட் வேக்கர்' என்பதில் அவன் பொருளாசை இன்னும் மிகுந்தது. கதை முடிவடைதற்கு இன்றியமையாத எட்டுப் படங்களின் பொருளை விளக்க, படம் ஒன்றுக்கு 398 ரூப்பி வீதம் 3,184 ரூப்பியைக் கதைத்தலைவனிடம் அவன் கூசாது பெற்றான். தலைவர்க்கு இடர் விளைத்துப் பணம் பறித்த இத்தகையோனையே தலைவனாக அமைத்தது நாம் கூறவந்த விளையாட்டு.

'ரூப்பி' என்னும் பெயர் நமக்கு அயலன்று. செல்டா வரிசையில் அது வண்ண மணிக்கல் வடிவில் வழங்கும் நாணயத்தைக் குறிக்கும். ஜப்பானியர் அம்மணியை எழுதும் எழுத்தும், நம் நாட்டு ரூபாயை எழுதும் எழுத்தும் ஒன்றே. ரூபாய் என்னுஞ் சொல்லோ வெள்ளியைக் குறிக்கும் 'ரூப்ய' என்னும் வடசொல்லிற் பிறந்தது. 1540 முதல் 1545 வரை ஆண்ட சேர்ஷா, ஏறத்தாழ 178 கிரெயின் எடையுள்ள வெள்ளிக்காசுக்கு அப்பெயர் வழங்கச் செய்தான். எனவே, இக்கதையில் யாவரும் எண்ணி எண்ணி ஏங்கும் பொருளின் பெயர் நம் சட்டைப்பையிலும் இருப்பதே.

கதை எளியது. பெயரற்ற, தனித்து வாழும், 35 வயதினனான ஒருவன். மேலைத் தடாகத்தினின்று ஒரு குரல் அவனை அழைக்கின்றது. சென்று காண, 'ரூப்பி மாமா' என்னும் முதியவர் நீரினின்று தோன்றி அவனைப் பச்சையுடை டிங்கிளாக மாற்றுகின்றார். 'இத்தடாகத்தில் ரூப்பிகளை இடுவாயாக. இட இட ஒரு கோபுரம் வளரும். அதன் வழியே ரூப்பி நாட்டை அடையலாம். அங்கே உழைத்தல் வேண்டா, இன்பமாய் வாழலாம்' என்பது அவர் தரும் வாக்குறுதி. உலகைக் காத்தலும், இளவரசியை மீட்டலும், தீயோரை ஒறுத்தலும் இத்தலைவனுக்கு நோக்கமல்ல. உழையாது உண்ணுதலே நோக்கம். ஏனைய விளையாட்டுக்களிற் பழகியோர்க்கு இத்தொடக்கமே நகையை விளைக்கும்.

ஆனால், இவ்விளையாட்டின் உயிர்நிலை கதையன்று; ஒரு விதி. டிங்கிளின் உயிரும் அவன் கையிலுள்ள ரூப்பியும் ஒன்றே என்பது அவ்விதி. பெரும்பாலான விளையாட்டுக்களில் உயிரின் அளவு வேறு, பொருளின் அளவு வேறு. 1985-இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்பதிலே 100 காசுகள் சேர்த்தார்க்கு ஓர் உயிர் கிடைக்கும். எனினும் காசு தீர்ந்தமையால் அங்கு எவரும் இறப்பதில்லை. இங்கோ இரண்டனையும் அளக்கும் எண் ஒன்றே. கொடுக்குந்தோறும் அவ்வெண் குறையும், பெறுந்தோறும் ஏறும், அழிந்து சுழியாயின் டிங்கிள் மாள்வான். இவ்வொரு விதியினால், மற்றைய விளையாட்டுக்களிற் செலவற்றதாயிருந்த ஒவ்வொரு செயலும் இங்கே அஞ்சத்தக்கதாகி விடுகின்றது.

அவற்றுள் முதலாவது பேச்சு. ஊரார் ஒருவரிடம் வழி கேட்கின்றோம். ஒரு செய்தி கேட்கின்றோம். 'எவ்வளவு தருவாய்?' என்பதே விடை. விலை இன்னதென அவர் சொல்வதில்லை. திரையில் எண்கள் தோன்றும். நாமே ஒரு தொகையைக் குறித்தல் வேண்டும். மிகையாகக் கொடுத்தால் மகிழ்ந்து பெற்றுக்கொள்வர், மீதம் தாரார். குறைத்துக் கொடுத்தாலோ கொடுத்ததையும் வைத்துக்கொண்டு, 'இது போதாது' என்பர். நாம் பொருள் விற்குங்காலும் விலை குறித்தல் நம் பொறுப்பே.

இதன் உட்பொருளைச் சிறிது ஆராய்வாம். வாங்குவோன், விற்போன் இருவருள்ளும், 'இதற்குமேற் கொடேன்' என்றும் 'இதற்குக் கீழ்ப் பெறேன்' என்றும் மனத்துள் ஓர் எல்லைவிலை உண்டு. ஒருவர் எல்லையை மற்றவர் அறியாமையாலேதான் பேரம் பிறக்கின்றது. ஒரு பக்கத்தார் அறிந்ததை மறுபக்கத்தார் அறியாத சந்தை எவ்வாறு கெடும் என்பதை, பழைய மோட்டார் வண்டிகளின் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் பொருளியலறிஞர் 1970-இல் விளக்கினார். 2001-இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் என்பாரோடு நோபல் பரிசும் பெற்றார். அவ்வறியாமையையே இவ்விளையாட்டு தன் ஆட்டக்களமாக்கிக் கொண்டது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மெய்யான சந்தையிற் குறைத்துக் கேட்டல் குற்றமன்று. மறுத்தால் சிறிது கூட்டிக் கேட்கலாம், முதலிற் சொன்ன தொகை நம்மிடமே இருக்கும். இங்கோ குறைத்துச் சொன்னதும் நட்டமாகும். ஒருவன் எல்லைவிலை 100 எனக் கொள்வாம். 60 கொடுத்து மறுக்கப்பெற்றுப் பின் 100 கொடுத்தவனுக்கு ஆன செலவு 160. முதலிலேயே 130 கொடுத்தவனோ 30 ரூப்பி மிச்சப்படுத்தினவன் ஆகின்றான். ஆகவே ஈயாத் தன்மையும் இங்கே தண்டிக்கப்படும், ஊதாரித்தனமும் தண்டிக்கப்படும். எதிரே நிற்போன் எத்தகையவன், அவன் சொல்லப்போவது நமக்கு எத்துணைப் பயன்படும் என்று நிதானித்து அளத்தல் ஒன்றே வழி.

இரண்டாவது சண்டை. டிங்கிள் வீரனல்லன். பகையுயிர் ஒன்றை முட்டின அளவில் இருவரையும் மறைத்துப் புழுதிப்படலம் எழும். அதனுள் அடிதடி நிகழும். ஆடுவோன் குச்சியால் அப்புழுதியைத் தட்டித் தட்டி அவனை ஊக்குவிக்கலாம். சண்டை நீளும் அளவும் ரூப்பி கரைந்துகொண்டே இருக்கும். இதற்குப் பரிகாரமாகக் கூலிக்கு மெய்காப்பாளரை அமர்த்திக்கொள்ளலாம். அவர்கள் உடலளவிலும் திறமையிலும் வேறுபட்டவர்கள். அவர்களை அமர்த்தவும் கூலி பேசுதல் வேண்டும். ஆக, தன் உயிர் குறையாமற் காக்க, உயிரில் ஒரு பகுதியையே முன்னதாகக் கூலியாக அளக்கின்றான் டிங்கிள்.

ஈட்டும் வழிகளும் இல்லாமலில்லை. வெளியிற் கிடைக்கும் பொருள்களைச் சேர்த்துத் தன் வீட்டுப் பானையிற் காய்ச்சிப் பண்டமாக்கி விற்கலாம். சென்ற இடங்களின் அடையாளங்களை நிலப்படத்திற் குறித்து, முற்றுப்பெற்ற படத்தை விற்கலாம். இங்குத்தான் நகையினூடே ஓர் உண்மை வெளிப்படுகின்றது. உழையாது வாழும் நாட்டை நாடிப் புறப்பட்டவன், அதனை அடைதற்பொருட்டுக் கணக்கெழுதியும், சமைத்தும், அலைந்தும், பேரம் பேசியும், அயலாரினும் மிகுதியாக உழைக்கின்றான். ஈட்டியதைத் தடாகத்தில் இட்டுவிட்டு மீண்டும் உழைக்கின்றான்.

இவையெல்லாம் டிங்கிளைப்பற்றியன. ஆயின், சில மணி நேரம் ஆடினோர் தம்மைத் தாமே சிறிது நோக்குவாராயின் வேறொன்று புலனாகும். தொடக்கத்தில் அவன் பொருளாசையைக் கண்டு நகைக்கின்றோம். பின்னர் ஒருவர் உதவி கேட்க, 'இவர்க்கு எவ்வளவு தரவேண்டும்?' என்பதற்கு முன்னரே, 'இவரால் நமக்கு எவ்வளவு வரும்?' என்னும் எண்ணம் எழுகின்றது. எதிர்ப்படும் முகங்களை முகங்களாகக் காணாது விலைகளாகக் காணத் தலைப்படுகின்றோம். அங்ஙனம் காணுமாறு எவரும் நம்மைக் கற்பிக்கவில்லை. உயிரும் பொருளும் ஒன்றே என்னும் விதி ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டோம். ஏனையவை தாமே தொடர்ந்தன. உலக வாழ்விலும் பலரைக் கடுமையராக்குவது இயல்பான வன்மையன்று. கையிலிருப்பது போயின் உயிரே போம் என்னும் அச்சமே. வறுமையின் விளிம்பில் நிற்போர்க்கு அவ்வச்சம் மெய்யானது. மிகுதியாக உடையார்க்கோ அது பெரும்பாலும் வெறுங் கற்பனை. இரண்டையும் பிரித்தறியும் வாய்ப்பை ஓர் எளிய ஆட்டம் நமக்குத் தருகின்றது.

குறைகளும் உள. எல்லைவிலையை உய்த்துணர்தற்குரிய குறிப்புக்கள் போதிய அளவில் இல்லை. ஆதலின் பல இடங்களில் நிதானிப்பு வெறுங் குருட்டு மதிப்பாய் முடிகின்றது. விலைகளைப் பிறர் தொகுத்த பட்டியல்கள் உள. அவற்றைப் பார்த்து ஆடினால் இடரில்லை, ஆனால் ஆட்டத்தின் சாரமும் இல்லை. சண்டைகளில் ஆடுவோன் செய்யத்தக்கது மிகச் சிறிது. ஒரே வகைத் தட்டுதல் விரைவிற் சலிப்பைத் தரும். டிங்கிளின் கோமாளித்தனம் எல்லார்க்கும் ஏற்பதன்று. வீரச்செயல்களை விழைவோர் இதனை நாடாதிருத்தலே நன்று.

இவ்வளவிற் கூறியவற்றால், தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு ஒருவாறு விடை கிடைக்கின்றது. இவ்விளையாட்டு பொருளாசையைப் போற்றுவது போன்ற தோற்றமுடையது; உள்ளே நின்று அதனை நகையாடுவது. மகீ அம்மையார் நிலத்தின் திறத்திற் செய்ய விழைந்ததை, இது கைப்பொருளின் திறத்திற் செய்கின்றது. அறிவுரை ஒன்றும் கூறாது, விதியினாலேயே செய்கின்றது. இதனை ஆடப்புகும் நண்பர் ஒன்றை மறவாதிருத்தல் நலம். தடாகத்தில் எவ்வளவு இட்டோம், கோபுரம் எவ்வளவு வளர்ந்தது என்று கணக்கிடுங்கால், இட்ட ரூப்பி யாருடைய கைக்குப் போய்ச் சேர்கின்றது என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்க. உழையாத இன்பத்தை விலைக்குத் தருவேன் என்பாரிடம், இக்கருவிக்கு வெளியிலும் கேட்கவேண்டிய கேள்வி அதுவே.