மயிலாப்பூர் விலையும் மறைமலை நகர் விலையும்

சென்னையிலும் அதன் புறநகரங்களிலும் வீட்டு விலையை ஒப்பிடுவோர் விளம்பரங்களில் காணும் சதுர அடி விலையையே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்கின்றனர். ஆனால் அது விற்பவர் சொல்லும் விலையேயன்றி, பேரம் படிந்து பத்திரத்தில் ஏறும் விலையன்று என்பதோடு, மயிலாப்பூரிலும் மறைமலை நகரிலும் அவ்விலைக்குள் அடங்கியிருப்பவையும் வேறுவேறு.

அடுக்குமாடி வீட்டின் விலையில் கட்டுமானச் செலவு, நிலத்தின் விலை என்னும் இரு பெருங்கூறுகள் உள்ளன. சிமென்ட்டும் கம்பியும் கூலியும் இரண்டு இடங்களிலும் ஏறத்தாழ ஒரே செலவில் கிடைப்பதால், விலை வேறுபாட்டின் பெரும்பகுதி நிலத்திலிருந்தே எழுகிறது. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், மனைப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்னும் வரம்பாகிய தளப்பரப்புக் குறியீட்டை உயரம் குறைந்த கட்டடங்களுக்கு 2 என வைத்துள்ளன. ஆகவே 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி கட்டலாம். எடுத்துக்காட்டாக, நிலம் சதுர அடி 12,000 ரூபாய் என்று கொண்டால், வீட்டின் ஒவ்வொரு சதுர அடியிலும் 6,000 ரூபாய் நிலத்துக்கே போய்விடும். நிலம் 3,000 ரூபாயாக இருக்கும் இடத்தில் அத்தொகை 1,500 மட்டுமே.

இங்கேதான் பிரிபடாத நிலப்பங்கு, அதாவது அடுக்ககம் நிற்கும் மனையில் ஒரு வீட்டுக்கென்று பத்திரத்தில் எழுதப்படும் பாகம், முதன்மை பெறுகிறது. நகரின் பழைய மூன்று மாடிக் கட்டடங்களில் இப்பங்கு பெரிது. உயரமான கட்டடங்களுக்குக் குறியீடு 3.25 வரை செல்வதால், பழைய மகாபலிபுரம் சாலையின் கோபுரக் குடியிருப்புகளில் அது சுருங்கிவிடுகிறது. கட்டடம் ஆண்டுதோறும் மதிப்பிழக்க, நிலமே விலையைத் தாங்கி நிற்பதால், மலிவாகத் தோன்றும் புறநகர் வீடு வாங்குபவருக்கு உண்மையில் மிகச் சிறிதளவு நிலத்தையே தரக்கூடும்.

இனி வரவிருக்கும் வசதிகளின் விலையும் வீட்டு விலையில் முன்கூட்டியே ஏறிவிடுகிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டபோது அதையொட்டிய ரயில் நிலையம் ஆயத்தமாகவில்லை. 2019-ஆம் ஆண்டுக் கோடையிலோ, பழைய மகாபலிபுரம் சாலைக் குடியிருப்புகள் பல லாரித் தண்ணீரை நம்பியே நாள் கடத்தின. அன்றாடப் பயணத்துக்கும் தண்ணீருக்கும் மாதந்தோறும் ஆகும் செலவு எந்த விளம்பரத்திலும் இடம்பெறுவதில்லை என்பது பெருங்குறை.

எனவே வீடு தேடுவோர், வெளிச்சுவரும் பால்கனியும் நீங்கலாக உள்ளே புழங்கத்தக்க பரப்பையும் நிலப்பங்கையும் எழுத்தில் கேட்டுப் பெற்ற பின்னரே இரண்டு விலைகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மனைவணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் அந்த உள்பரப்பைத் தெரிவிப்பது கட்டுநரின் சட்டக் கடமையாகும்.