'என் கம்ப்யூட்டர்ல ஓடுதே!' - மலை ஏறும் முன் லேப்டாப்பில் முடிக்க வேண்டிய வேலை

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கொல்லிமலை திருப்புலி நாட்டில் இருக்கும் வீட்டுக்குப் பொங்கல் லீவுக்குப் போறீங்க. "அங்கிருந்தே வேலை பார்த்துடறேன்" என்று டீமிலும் சொல்லிட்டீங்க. புது லேப்டாப்பைத் திறந்தால் பைத்தான் வெர்ஷன் வேற, டேட்டாபேஸ் இல்லை, டவுன்லோடு பாதியில் நிக்குது. சென்னையில் இருக்கும் நண்பரைக் கேட்டால், "என் கம்ப்யூட்டர்ல ஓடுதே!" என்கிறார். ரெண்டு நாள் போச்சு!

இந்தத் தலைவலிக்கு மருந்துதான் கன்டெய்னர்.

சமையல்காரரின் சாமான் லிஸ்ட்

கல்யாணத்துக்குச் சமைக்க வருபவர் உங்கள் வீட்டு அடுக்களையை நம்பி வருவதில்லை. முதலில் ஒரு சாமான் லிஸ்ட் கொடுப்பார். 'டாக்கர்ஃபைல்' என்பது அந்த லிஸ்ட். லிஸ்ட்படி எல்லாம் வாங்கிக் கட்டிவைத்த மூட்டை, 'இமேஜ்'. மூட்டையைப் பிரித்து அடுப்பைப் பற்றவைத்தால், அது 'கன்டெய்னர்'. லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கும் பைத்தானோடு இது மோதாது. 2013-ல் டாக்கர் வந்த பிறகுதான் இந்த முறை பரவலானது.

ரெண்டே கட்டளை

டாக்கரோடு, டெர்மினலில் டைப் செய்து ஓட்டும் 'டெவ்கன்டெய்னர்' என்ற இலவசக் கருவியையும் நிறுவிக்கொள்ளுங்கள். எந்த இமேஜ், கூடவே என்னென்ன வேண்டும் என்பதை 'டெவ்கன்டெய்னர் டாட் ஜேசன்' என்ற ஃபைலில் எழுதி, புராஜெக்ட் ஃபோல்டருக்குள் 'டாட் டெவ்கன்டெய்னர்' (.devcontainer) என்ற ஃபோல்டரில் வையுங்கள். பிறகு, அந்த ஃபோல்டரைக் குறிப்பிட்டு 'டெவ்கன்டெய்னர் அப்' என்று கொடுத்தால், மொத்த செட்டப்பும் தயார். அதற்குள் புரோகிராமை ஓட்ட, 'டெவ்கன்டெய்னர் எக்ஸெக்'. டீமில் எல்லோரிடமும் அதே ஃபைல் இருந்தால், எல்லோருக்கும் அதே செட்டப்.

அடிவாரத்திலேயே முடிச்சுடுங்க

முதல் 'அப்'தான் நெட்டை விழுங்கும். பைத்தானின் முழு இமேஜ் 1 ஜிபியை ஒட்டி வரும். 'ஸ்லிம்' வகை எடுத்தால் நூற்றுச் சொச்சம் எம்பியில் முடிந்துவிடும். இதை நாமக்கல்லிலோ, சேந்தமங்கலத்திலோ நல்ல நெட் இருக்கும்போதே ஒருமுறை ஓட்டிவிடுங்கள். எல்லாம் லேப்டாப்பிலேயே தங்கிவிடும்.

இன்னொருவருக்கும் கொடுக்கணுமா? 'டாக்கர் சேவ்' கட்டளை, இமேஜை ஒரே ஃபைலாக மாற்றித்தரும். பென் டிரைவில் போட்டு எடுத்துப்போய், அவர் லேப்டாப்பில் 'டாக்கர் லோட்' கொடுத்தால் போதும். நெட்டே வேண்டாம். தேவையான லைப்ரரிகளை இமேஜ் கட்டும்போதே உள்ளே சேர்த்துவிடுங்கள்.

ரெண்டு எச்சரிக்கை

கன்டெய்னரை அழித்தால், உள்ளே இருக்கும் டேட்டாபேஸும் போய்விடும். அதை 'வால்யூம்' என்ற தனி இடத்தில் வையுங்கள். அதேபோல, ஆப்பிள் சிப் லேப்டாப்பில் கட்டிய இமேஜ், இன்டெல் லேப்டாப்பில் அப்படியே ஓடாது. யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கட்டுங்கள்.

மலையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் தங்கச்சியோ தம்பியோ, "அக்கா, இன்ஸ்டால் ஆகவே மாட்டேங்குது" என்று வந்து நின்றால், அந்தப் பென் டிரைவைக் கொடுங்கள். அன்றைக்கே முதல் புரோகிராமை எழுதிவிடுவார்கள்.