சிறு நாயின் கல்லீரலும் சிறுநீர்ப்பைக் கல்லும்

2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில் எங்களுக்கு நெருக்கமான ஒரு குடும்பத்தார் பொமரேனியன் பெண் நாய் ஒன்றை வளர்த்து வருகின்றனர். சென்ற மழைக்காலத்தில் அது அடிக்கடி குந்தியும் சொட்டுச் சொட்டாகவே சிறுநீர் கழித்தது. இரத்தமும் கலந்து வந்தது. எக்ஸ்ரேயில் கல் தெரிந்தது. இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகளும் உயர்ந்திருந்தன. "ஐயா, ஒரே நேரத்தில் இரண்டு வியாதிகளா?" என்று அந்த அம்மையார் கலங்கிக் கேட்டார்கள்.

ஒரே வியாதியாகவும் இருக்கக்கூடும் என்றார் மருத்துவர். சில சிறு இன நாய்களுக்குப் பிறவியிலேயே, குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லவேண்டிய இரத்தம் வேறொரு குழாய் வழியாய் அதைத் தவிர்த்துப் போய்விடுகிறது. அப்பொழுது கல்லீரல் மாற்றியமைக்க வேண்டிய அம்மோனியாவும் யூரிக் அமிலமும் அப்படியே சிறுநீரில் இறங்கி, யூரேட் கல்லாகின்றன. இக்கல் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது, ஸ்கேன் வேண்டும். இரத்தம் வழிமாறுகிறதா என்பதை அறிய, உணவுக்கு முன்னும் பின்னும் பித்த அமிலப் பரிசோதனை செய்வார்கள்.

கல்லின் வகையை அறியாமல் வாழைத்தண்டுச் சாறு புகட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கிருமித் தொற்றினால் உண்டாகும் ஸ்ட்ரூவைட் கல், தகுந்த மருந்தாலும் பத்திய உணவாலும் கரையும். ஆக்ஸலேட் கல் கரையாது, அதை வெளியே எடுக்கத்தான் வேண்டும். அவ்வீட்டாரோ "ஈரலுக்கு ஈரலே மருந்து" என்று எண்ணி, தினமும் கோழி ஈரல் கொடுத்து வந்தனர். யூரேட் கல்லாயிருந்தால் ஈரலும் மத்தி மீனும் தீமையையே கூட்டும். சோற்றில் தண்ணீர் அதிகமாய்ச் சேர்த்துக் கொடுப்பது எவ்வகைக் கல்லுக்கும் நல்லது.

நம் தீவுகளில் இன்னொன்றையும் சோதிக்க வேண்டியிருந்தது. 1980களின் இறுதியில் திக்லிப்பூர்ப் பகுதியில் மக்களை அச்சுறுத்திய அந்தமான் இரத்தக் கசிவுக் காய்ச்சல், எலிக்காய்ச்சலே என்று பின்னர் கண்டறியப்பட்டது. அது நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அதன் சிறுநீர் வழியாய் மனிதருக்கும் தொற்றும். ஆகையால் முடிவு தெரியும்வரை, கையுறை அணிந்தே தரையைச் சுத்தம் செய்யும்படி மருத்துவர் சொன்னார். பிள்ளைகள் தவழும் வீட்டில் இது சிறிய காரியமல்ல.

எலிக்காய்ச்சல் இல்லையென்று தெரிந்தது. பித்த அமிலமும் சரியாகவே இருந்தது. அப்படியானால் கல்லீரல் ஏன் கெட்டது? நன்கு விசாரித்தபோது, நாயின் வேதனையைக் காணச் சகியாமல் வீட்டிலிருந்த பாராசிட்டமால் மாத்திரையை மூன்று நாள் கொடுத்த செய்தி வெளிவந்தது. மனிதருக்குரிய வலி மாத்திரைகளை நாய்க்கு ஒருபோதும் நாமாகக் கொடுக்கலாகாது.

ஆண் நாய் வளர்ப்போர் கூடுதலாய் விழித்திருக்க வேண்டும். அதன் சிறுநீர்க் குழாய் குறுகலானது. கல் அடைத்துச் சிறுநீர் முற்றிலும் நின்றால், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். சென்னைக்குக் கப்பல் செல்ல ஏறக்குறைய மூன்று நாளாகும். ஆகவே அன்றைக்கே உள்ளூர் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அந்தப் பொமரேனியனுக்கு இருந்தது ஸ்ட்ரூவைட் கல். மருந்தும் சென்னையிலிருந்து வரவழைத்த பத்திய உணவும் இரண்டு மாதங்களுக்கு மேல் தொடர்ந்தன; கடைசி எக்ஸ்ரேயில் கல் இல்லை. கோழி ஈரலுக்காக அது இன்னும் சமையலறை வாசலில் காத்துக் கிடக்கிறதாம்.