டியூட்டி பார்த்தவருக்கு எத்தனை புள்ளி?

கப்பலூர்ல கப்பலும் கிடையாது, கடலும் கிடையாது. டோல்கேட்டும் சிட்கோவும்தான். இங்கே உட்கார்ந்து பாய்மரப் படகுப் போட்டி விதிகளைப் படிக்கிறேன்னா வீட்ல சிரிக்கிறாங்க. என்னை இழுத்தது அதுல இருக்கிற கணக்கு.

இதில் புள்ளி குறைந்தவரே வெற்றியாளர். முதலில் வந்தால் 1, இரண்டாவது வந்தால் 2. பதிவு செய்தவை 20 படகுகள் என்றால், ஒரு பந்தயத்துக்கு வராதவருக்குப் பொதுவாக 21. காற்று ஒருநாள் காலை வாரும் என்பதால் மோசமான ஒரு முடிவைக் கழித்துவிடுவார்கள். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண், சென்னையின் நேத்ரா குமணன், டோக்கியோவில் 44 பேரில் 35-வது இடம் பிடித்ததும் இப்படிப் பத்துப் பந்தயங்களைக் கூட்டி, ஒன்றைக் கழித்துத்தான்.

கிளப் போட்டிகளில் இன்னொரு சிக்கல். மிதவை போட, ஹாரன் அடிக்க, மீட்புப் படகு ஓட்ட ஆள் வேணும். பெரும்பாலும் உறுப்பினர்களே முறை வைத்துச் செய்வார்கள். அன்னைக்கு அவங்க போட்டியிட முடியாது. அவங்களுக்கு என்ன புள்ளி?

21 போட்டால் பட்டம் ஜெயிக்க நினைக்கிறவர் யாரும் டியூட்டிக்கு வரமாட்டார். 0 போட்டால் முதலிடத்தைவிட லாபம். எல்லாரும் டியூட்டிக்கே ஓடுவாங்க. அதனால் பல கிளப்புகள் அவரவர் சராசரியையே தருகின்றன. மற்ற பந்தயங்களில் 2, 4, 3 எடுத்தவருக்கு டியூட்டி நாளுக்கு 3.

பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. ஊருக்கு உழைச்சவர் அதனால நஷ்டப்படக் கூடாது, அவ்வளவுதான். நம்ம குடியிருப்போர் சங்கத்துல செயலாளர் பதவின்னாலே எல்லாரும் ஏன் நழுவுறாங்கன்னு யோசிக்கும்போது, இந்தச் சின்ன விதிதான் ஞாபகம் வருது.