மீன் மடிவது ஏன்?

நாஞ்சில் என்பது கலப்பையைக் குறிக்கும் பெயர்களுள் ஒன்று. அப்பெயரைத் தாங்கி நிற்கும் நாஞ்சில் நாடு, உழவையும் நீரையும் இரு கண்களெனப் போற்றும் நாடாகும். பருவமழை இரண்டும் அதனை வளப்படுத்துகின்றன. கோதையாற்றின் குறுக்கே 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணை அதன் வயல்களுக்கும் குளங்களுக்கும் நீர் வழங்குகின்றது. ஆயினும், அந்நாடு அடங்கிய கன்னியாகுமரி மாவட்டம் பரப்பிற் சிறியது. மக்கள் நெருக்கம் மிக்கது. வயலும் குளமும் இல்லாத வீடுகள் அங்கே பல. அத்தகைய வீட்டினரும் தம் முற்றத்திலோ மாடியிலோ ஒரு தொட்டியில் மீனும், அதன் அருகே மற்றொரு தொட்டியில் கீரையும் வளர்க்கலாம். இம்முறையை அக்குவாபோனிக்ஸ் என்பர். மீன் செடி கூட்டு வளர்ப்பு எனத் தமிழில் கூறலாம்.

இதன் இயல்பு எளிது. மீன் தின்ற இரையின் கழிவு நீரிற் கலக்கின்றது. அந்நீரைச் சிறு பம்பு ஒன்று செடித்தொட்டிக்கு ஏற்றுகின்றது. அங்குப் பரப்பியுள்ள சரளைக்கற்களின் ஊடே நீர் கசிந்து, செடிகளுக்கு உணவளித்து, தூய்மையுற்று மீன்தொட்டிக்கே மீள்கின்றது. மீனுக்கு இட்ட இரையே செடிக்கு எருவாகின்றது; செலவாகும் நீரும் குறைவு. அமெரிக்காவிற்கு உட்பட்ட வர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில், ஜேம்ஸ் ரக்கோசி என்னும் அறிஞர் 1980களில் இம்முறையை ஆராய்ந்து செம்மைப்படுத்தினார்.

காண்பதற்கு எளிதாயினும், இவ்வளர்ப்பில் பெரிய இழப்பு நேர்வதும் உண்டு. மாதக் கணக்கில் பேணி வளர்த்த மீன்கள் ஓர் இரவிலேயே செத்து மிதத்தல் கூடும். அதனைக் கண்டோர், நோய் வந்துவிட்டது எனக் கருதி, கடையில் கிடைக்கும் மருந்தை வாங்கித் தொட்டியில் ஊற்றுவர். பெரும்பாலும் அங்கு நோயுற்றது மீன் அன்று, நீரே ஆகும். மருந்தோ, எஞ்சியிருக்கும் நன்மையையும் அழித்துவிடும். அஃது எவ்வாறு என்பதை அறிய, கண்ணுக்குப் புலப்படாத சில உழைப்பாளிகளைப் பற்றி அறிதல் வேண்டும்.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் தோன்றுகின்றது. சரளைக்கற்களின்மேல் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டு மீனுக்கு அத்துணைத் தீங்கு செய்வதன்று. செடிக்கோ அது நல்லுணவு. இந்நுண்ணுயிர்களை உருசிய நாட்டு அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டில் தனியே பிரித்துக் காட்டினார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நீரில் ஊற்றினால், முதலில் மடிவன இவையே ஆகலாம். பின்னர் அம்மோனியா பெருகும். பிழைத்திருந்த மீன்களும் மடியும்.

ஆகவே, மீன் மடிந்தவுடன் செய்யத்தக்கது மருந்திடுதல் அன்று. காரணத்தை ஆராய்தலே ஆகும். எப்பொழுது மடிந்தன, எவை மடிந்தன, எவ்வாறு மடிந்தன என்னும் மூன்று வினாக்கள் அவ்வாராய்ச்சிக்கு உதவும்.

விடியற்காலையில், பெரிய மீன்கள் முதலில் மடிந்து, மற்றவை நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுமாயின், பிராணவாயு குறைந்தது எனக் கொள்ளலாம். வெப்பம் மிகுந்த நீர் குறைந்த பிராணவாயுவையே ஏற்கும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 பாகையில் 7½ மில்லிகிராமே ஏற்கும். மீனுக்கோ 5 மில்லிகிராமேனும் இருத்தல் நன்று. இரவில் நீர்ப்பாசியும் பிராணவாயுவை உட்கொள்வதால், விடியுமுன் அதன் அளவு மிகவும் தாழ்ந்துவிடுகின்றது. அவ்வேளையில் மின்சாரம் நின்று பம்பும் ஓயுமாயின், கேடு விரைந்து வரும். கட்லா, ரோகு போன்ற மீன்கள் மடிய, விராலும் பனையேறிக் கெண்டையும் பிழைத்திருத்தல் இதற்கு மற்றொரு சான்று. அவை நீருக்கு மேலுள்ள காற்றையும் உட்கொள்ள வல்லவை அல்லவா? நீரை உயரத்திலிருந்து விழச் செய்தலும், இரையை நிறுத்துதலும் உடனடித் தீர்வுகள்.

தொட்டி அமைத்துச் சில வாரங்களே ஆகியிருக்க, பகலிலும் மீன்கள் சோர்ந்து மடியுமாயின், அம்மோனியாவையோ நைட்ரைட்டையோ ஐயுறுதல் வேண்டும். நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். அதற்குள் மீன்களை மிகுதியாக விடுவதே பலரும் செய்யும் பிழை. செவுள் பழுப்பு நிறமாக மாறியிருப்பின் அது நைட்ரைட்டின் அடையாளம். நைட்ரைட்டு மீனின் குருதியைப் பிராணவாயுவைச் சுமக்க இயலாததாக்கிவிடுகின்றது. நீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றி, இரையை நிறுத்தி, 1,000 லிட்டருக்கு 1 கிலோ வீதம் சமையல் உப்பைக் கரைத்து விடுதல் பயன் தரும். உப்பு அளவு மிஞ்சின் செடிகள் வாடும்.

புதிய சிமெண்டுத் தொட்டியாயின், காரத்தன்மையையும் நோக்குதல் வேண்டும். அதனை அளக்கும் பி.எச். எண் 7 ஆக இருக்கும்போது, அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவானதே கொடிய நஞ்சாக இருக்கும். அவ்வெண் 9 ஆக உயரின், வெதுவெதுப்பான நீரில் நூற்றில் 40 பங்கு நஞ்சாகும். எனவே, புதிய தொட்டியில் பலமுறை நீர் நிரப்பி ஊறவைத்து வெளியேற்றிய பின்னரே மீனை விடல் வேண்டும். வாழைத்தண்டை வெட்டியிட்டு ஊறவைக்கும் வழக்கமும் உண்டு. இதற்கு மாறாக, நெடுநாள் நன்றாக இருந்த தொட்டியில் நீர் அமிலத்தன்மை அடைதல் உண்டு. நுண்ணுயிர்களின் வேலையே அமிலத்தை உண்டாக்குவதுதான். பி.எச். எண் 6க்குக் கீழே தாழ்ந்தால் அவை தளர்ந்துவிடும். துணிப்பையில் கட்டிய கிளிஞ்சலை நீரில் இட்டால், அது சிறிது சிறிதாகக் கரைந்து அமிலத்தைத் தணிக்கும்.

சிறியனவும் பெரியனவும் சில மணி நேரத்தில் ஒருங்கே மடியுமாயின், நஞ்சு புகுந்தது எனலாம். குளோரின் கலந்த குழாய்நீர், செடிக்குத் தெளித்த பூச்சிமருந்து, செப்புக் குழாய் ஆகியவை அத்தகைய கேட்டை விளைவிக்கும். குளோரின் கலந்த நீரை ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்றுதல் நன்று. நாள்தோறும் ஒன்றிரண்டாக, உடலில் புள்ளியோ புண்ணோ தோன்றி மடிந்தால் மட்டுமே நோயென எண்ணுதல் தகும். அப்பொழுதும் நோயுற்ற மீனை வேறொரு பாத்திரத்திற்கு மாற்றியே மருந்திடல் வேண்டும்.

வருமுன் காத்தலே சிறந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேடு, 1,000 லிட்டர் நீருக்கு 20 கிலோ மீனுக்கு மேல் வேண்டா என்கின்றது. கீரை வளரும் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நாள்தோறும் 40 முதல் 50 கிராம் இரை என்பது அது காட்டும் அளவு. மீன் தின்னாது விட்ட இரையை உடனே அகற்றுதல் வேண்டும். வெப்பம், பி.எச். எண், அம்மோனியா, நைட்ரைட்டு ஆகியவற்றை அளந்து ஏட்டில் குறித்து வருவோர், கேடு வருவதை முன்னரே அறிவர்.

சிறு தொட்டியில் காணும் இவ்வுண்மை பெருங்குளத்திற்கும் பொருந்தும். சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூர்க் குளமும் 2022ஆம் ஆண்டில் உலகச் சிறப்பு வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பெற்றன. ஒரு குளத்தில் சாக்கடை நீரும் வயலின் மிகையான உரமும் கலந்தால், பாசி பெருகும், பிராணவாயு குன்றும், மீன் மடியும். வீட்டுத் தொட்டியின் நீரை மாற்றிவிடலாம். குளத்து நீரை யார் மாற்ற இயலும்? அதனைக் கெடாது காத்தல் ஒன்றே வழி. தொட்டி நீரை நாள்தோறும் நோக்கப் பழகிய இளைஞர், ஊர்க்குளத்தையும் அதே கண்ணோடு நோக்குவர்.